பழைய டீசல் பிக்கப்பில் ஏர் எடுக்கும் கோளாறு: உப்புக் கரையில் 11 வருட அனுபவம்

2014-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி. 2010 மாடல், ரோட்டரி பம்ப் (டீசலை அழுத்தத்தோடு எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப்) வைத்த பழைய டிஐ (சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் தெளிக்கும்) எஞ்சின். மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றி ராமநாதபுரம், பரமக்குடி, சில நாள் மதுரை வரை போவேன். மீட்டர் 2,60,000 தாண்டிவிட்டது, இன்னும் ஹெட் கழற்றவில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. என்னைப் படாதபாடு படுத்தியது டேங்கிலிருந்து எஞ்சினுக்கு டீசல் போகும் லைன் மட்டும்தான். இந்தக் கரையில் இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் பலர் தேவையில்லாமல் பம்பைக் கழற்றிப் பணத்தை விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கோளாறு தொடங்கியது 2022 மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. இரண்டு மூன்று கருவாட்டு லோடு தவிர வண்டிக்கும் வேலை கிடையாது. உச்சிப்புளியில் வீட்டோரம் அரை டேங்க் டீசலோடு நிறுத்தியிருந்தேன். ஜூன் நடுவில் எடுத்தபோது, செல்ஃப் நாலைந்து தடவை அடித்த பிறகுதான் பிடித்தது. பிடித்த பின்னும் ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) தடுமாறும், வெள்ளைப் புகை தள்ளும், ஒரு நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். மதியம் நிறுத்தி உடனே எடுத்தால் தொட்டவுடன் ஸ்டார்ட். பேட்டரிதான் என்று முடிவுகட்டி புதுசு போட்டேன். மாற்றமில்லை.

அடுத்த வாரம் முழு லோடோடு பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறும்போது, நடு உயரத்தைத் தொடும் முன்பே இழுவை விட்டு விட்டு வந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி குலுங்குகிறது, வேகம் கூடவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. இறக்கத்துக்கு வந்ததும் எல்லாம் சரி. டேங்கில் டீசல் குறைய குறைய இது கூடியது. இந்தக் குறிப்பு முக்கியம், அப்போது எனக்கு அது புரியவில்லை.

முதலில் காட்டிய பட்டறையில் வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, "பம்ப் தேஞ்சிருச்சு, கழட்டி மதுரைக்கு அனுப்பணும், நாசிலோட சேத்து 20,000 ஆகும்" என்றார்கள். நாசில் என்பது எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை. கையில் அவ்வளவு பணமில்லை. அதனால் கீழக்கரைப் பக்கம் லாரி எஞ்சினும் போட் எஞ்சினும் பார்க்கும் ஒரு பாயிடம் போனேன். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, ராத்திரி வண்டியை எந்தப் பக்கம் சரிவாக நிறுத்துகிறேன் என்பது. யோசித்துச் சொன்னேன்: மூக்கு மேட்டில், பின்புறம் பள்ளத்தில். "அப்பன்னா பம்புல கைய வைக்காதீக தம்பி. டேங்க்ல இருந்து வரிசையா வாங்க. ஒரு சொட்டு டீசல் வெளிய காட்டாது, உள்ள காத்தை மட்டும் உறிஞ்சும்" என்றார்.

ரோட்டரி பம்புக்குள்ளேயே ஒரு சின்ன வேன் பம்ப் இருக்கிறது. டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை இழுப்பது அதுதான். ஆகவே டேங்க் முதல் பம்ப் வாய் வரை உள்ள லைன் முழுக்க உறிஞ்சும் பக்கம். பிரஷர் லைனில் ஓட்டை விழுந்தால் டீசல் பீய்ச்சும், கண்ணால் பார்க்கலாம். உறிஞ்சும் பக்கம் ஓட்டை விழுந்தால் வண்டி ஓடும்போது காற்று உள்ளே போகும். நிறுத்தியதும் அதே ஓட்டை வழியாகக் காற்று ஏறி, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும், வண்டியின் பின்புறம் பள்ளத்தில் இருந்தால் இன்னும் எளிதாக. காலையில் பம்ப் காற்றை இழுத்துத் தீர்த்த பிறகுதான் டீசல் வரும். ஏற்றத்தில் இழுவை போவதும் இதனால்தான். டேங்க் காலியாக இருந்தால் இழுக்க வேண்டிய உயரம் கூடுகிறது, காற்றும் அதிகம் வருகிறது.

அன்றைக்கு டேங்க் மூடியில் தொடங்கினோம். திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றுத்துளை மண்ணும் உப்பும் சேர்ந்து அடைத்திருந்தது. அது ஒரு குறை, ஆனால் முழுக் காரணம் அல்ல. ஃபில்டர் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். பத்து நிமிடம் அசையாமல் வைத்தோம். அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒரு படலம். இரண்டு மாதம் அரை டேங்கோடு நின்றதில் கடல்காற்றின் ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து இறங்கியிருக்கிறது. டீசலை விடத் தண்ணீர் கனம், அடியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து உண்டாவதுதான் அந்தச் சளி. ரோட்டரி பம்புக்கு டீசல்தான் எண்ணெய் என்பதால் தண்ணீர் உள்ளே போனால் நிஜமாகவே பம்ப் போய்விடும். டேங்கை இறக்கிக் கழுவி, உறிஞ்சும் பைப்பின் வலையைச் சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றினோம்.

இழுவை பாதி திரும்பியது. காலை ஸ்டார்ட்டிங் திரும்பவில்லை.

அப்புறம் செய்த சோதனைதான் எனக்குப் பிடித்தது, யாரும் வீட்டிலேயே செய்யலாம். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, எஞ்சின் பக்கத்தில் அசையாமல் கட்டி, ஃபில்டருக்குப் போகும் ஹோஸையும் மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதற்குள் விட்டோம். டேங்கும் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஓரமாக வரும் பைப்பும் கணக்கிலேயே இல்லை. மூன்று நாள் காலையும் முதல் தொடுதலில் ஸ்டார்ட். பம்ப், நாசில், ஃபில்டர் ஹெட் எல்லாம் குற்றமற்றவை என்று தெரிந்தது. பழைய இணைப்பைப் போட்டு, ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளம் கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸைச் செருகினோம். ஐடிலில் பார்த்தால் ஊசி முனை அளவு குமிழிகள் நூல் கோத்த மாதிரி ஓடுகின்றன.

வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினோம். பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் சேசிஸோடு பைப்பைப் பிடித்திருந்த கிளிப். அதற்குள் கல் போல இறுகிய மண். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதும் உதிர்ந்தது, பைப்பின் மேல்பக்கம் துருப்பிடித்துச் செதில் செதிலாக எழும்பியிருந்தது. பைப்பின் இரு முனையையும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் பாய் வாயாலேயே ஊதினார். சோப்பு நுரை தடவிய இடத்தில் மெதுவாக ஒரு கொப்புளம் கிளம்பியது. சரியாக அதற்கு மேலேதான் ஐஸ் பெட்டி வடிகிற மூலை. எட்டு வருடம் மீன் தண்ணீர் அந்தக் கிளிப்பில் சொட்டியிருக்கிறது.

ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி ஹோஸ் போட்டுவிடலாம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அது தப்பு. கையில் கிடைத்த சாதாரண ரப்பர் ஹோஸ் மூன்றே வாரத்தில் டீசலில் ஊறி உப்பிவிட்டது, குமிழி திரும்ப வந்தது. பிறகு முழு பைப்பையும் புதிதாக வளைத்து, சேசிஸின் உள்பக்கமாக ஓட்டி, ஒவ்வொரு கிளிப்புக்கும் கீழே ரப்பர் சுற்றினோம். பைப், டீசலுக்கென்று விற்கும் ஹோஸ், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய். லைனை இணைக்கும், நடுவே துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர்களையும் மாற்றினோம். ஒரு அளவு கிடைக்கவில்லை. பழையதையே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மென்மையாக்கி பாய் மாட்டினார், இன்றுவரை கசியவில்லை.

லைனைத் திறந்தால் உள்ளே போன காற்றை வெளியேற்றாமல் விடக்கூடாது. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைபம்பை நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை அழுத்தி, அப்படியே இறுக்க வேண்டும். அப்போதும் பிடிக்காவிட்டால்தான் நாசில் பைப் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிப்பது. அந்த நேரம் கையை முன்னால் நீட்டவே கூடாது. அங்கே அழுத்தம் மிக அதிகம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வண்டி எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். இருமி இருமி அணைந்தால் காற்று. லோடில் மெல்ல மெல்ல இழுவை இறங்கினால் ஃபில்டரோ வலையோ அடைப்பு. சாவியைத் திருப்பிய மாதிரி சட்டென்று அணைந்தால் டீசல் லைனைத் தொடாமல் பம்பின் ஸ்டாப் சோலினாய்டு (சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின் வால்வு) ஒயரைப் பாருங்கள். 2023-ல் எனக்கு அது பச்சைக் களிம்பு பூத்து நின்றது. உப்புத்தாள் தேய்த்ததோடு சரியாகிவிட்டது.

அதன் பிறகு மூன்று தடைக்காலம் போய்விட்டது, பழைய கோளாறு வரவில்லை. நிறுத்தும் முன் டேங்கை நிரப்பிவிடுகிறேன், ஈரம் தங்க இடமில்லை. மாதம் ஒருமுறை பாட்டிலில் வடித்துப் பார்க்கிறேன். ஐஸ் பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து, வடிகிற தண்ணீரை ஹோஸ் வழியாக ஒரு கேனில் பிடிக்கிறேன். நல்ல தண்ணீரைக் குடக் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் தினமும் அடிப்பக்கம் கழுவுவது முடியாத காரியம். ஆனாலும் ராத்திரி இரண்டு வாளியை அந்தப் பைப் ஓரமாக மட்டும் ஊற்றிவிடுகிறேன். லிட்டருக்கு 10 கிலோமீட்டருக்கு இறங்கியிருந்த மைலேஜ் இப்போது 13.

பாக்கி இருப்பது மூன்றாம் நாசிலின் ரிட்டர்ன் ஹோஸ். சொட்டவில்லை, ஆனால் துடைத்தால் விரலில் ஈரம் ஒட்டுகிறது. அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஹோஸ் வந்ததும் நாலையும் சேர்த்தே மாற்றப் போகிறேன்.