எவன்ஸ்டன் வழியா, கனெக்டிகட் வழியா?

அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்குப்படி வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் குடும்பத்தின் சொத்து) 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களுக்கு 45,000 கூட இல்லை. 1930களில் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கி வீட்டுக்கடன் மறுத்ததும் இதற்கு ஒரு காரணம். வெள்ளையருக்கு வீடு கிடைத்தது, அப்புறம் அது பிள்ளைகளுக்குச் சொத்தானது. இந்த இடைவெளியைக் குறைக்க அங்கே இரண்டு வழிகள் முயலப்படுகின்றன.

இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம், வீட்டு விஷயத்தில் பாகுபாடு நடந்த 1919க்கும் 1969க்கும் இடையே அங்கே வாழ்ந்த கறுப்பருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் தலா 25,000 டாலர் தருகிறது. பணம் கஞ்சா விற்பனை வரியிலிருந்தும் வீடு, நில விற்பனை வரியிலிருந்தும் வருகிறது. (அந்தக் கஞ்சாவுக்காக மக்கள்தொகை விகிதத்தை மீறிக் கைதானவர்களும் கறுப்பர்தான்!) அநீதி யாருக்கு நடந்ததோ அவர்கள் கைக்கே பணம் போகிறது. ஆனால் நிதி மெதுவாகச் சேர்கிறது. முறை வருமுன்னே சில முதியவர்கள் இறந்துவிட்டார்கள். நிறம் பார்த்துத் தருகிறார்கள் என்று 2024ல் வழக்கும் வந்தது.

கனெக்டிகட் மாநிலம் நிறம் கேட்பதில்லை. 2023 ஜூலை முதல் அரசின் ஏழைகள் மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் குழந்தைக்கு 3,200 டாலரை முதலீடு செய்கிறது. 18 வயதானபின் படிப்புக்கோ வீட்டுக்கோ தொழிலுக்கோ எடுக்கலாம். ஏழை வெள்ளைக் குழந்தைக்கும் உண்டு. சரி, முதல் பணம் வர 2041 ஆகும்.

நியாயம் எவன்ஸ்டன் பக்கம்தான். நீதிமன்றத்தில் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு கனெக்டிகட்டுக்கே அதிகம்.