கோவிந்தப்ப நாயக்கன் தெரு: கிரனோலாவுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

சென்னை சௌகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் உதிரியாக விற்கிற பாதாம், முந்திரி போன்ற பருப்பு வகைகளுக்குப் பத்துக்கு ஒன்பது தரலாம். உலர்பழங்களுக்கு ஆறு. ஓட்ஸுக்காக அந்தத் தெருவுக்குப் போகவே வேண்டாம். ஓட்ஸையும் பருப்பையும் விதையையும் தேனில் புரட்டி ஓவனில் மொறுமொறுப்பாக வறுக்கிற காலை உணவுதான் கிரனோலா. அதை வீட்டில் செய்பவர்களுக்கான மதிப்பெண் இது. பாயசத்துக்கும் அல்வாவுக்கும் வாங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. பாயசத்தில் நெய்யும் ஏலக்காயும் பழைய முந்திரியை மறைத்துவிடும். கிரனோலாவில் அப்படி மறைக்க எதுவும் இல்லை. காறல் அடிக்கிற ஒரே ஒரு அக்ரூட் (வால்நட்) வாயில் அகப்பட்டால் போதும், கிண்ணம் முழுக்க வீணாகிவிடும்.

முதலில் பாதாம். கடையில் கலிஃபோர்னியா, மாம்ரா, குர்பந்தி என்று மூன்று பெயர் சொல்வார்கள். கிரனோலாவுக்குக் கலிஃபோர்னியா போதும். மாம்ரா பல மடங்கு விலை. அதன் எண்ணெய்ச் செழுமை பச்சையாகவோ ஊறவைத்தோ சாப்பிடும்போதுதான் தெரியும், ஓவனில் வறுத்துத் தேனில் புரட்டியபின் வித்தியாசம் பிடிபடாது. முழுப் பாதாமாக வாங்கி வீட்டில் இரண்டு மூன்றாக நறுக்குங்கள். சீவி வைத்த பாதாம் பாக்கெட்டைத் தொடாதீர்கள்: சீவிய பரப்பெல்லாம் காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை வரும், ஓவனிலும் மற்றவை வேகுமுன் கருகும்.

முந்திரியில்தான் இந்தத் தெரு உண்மையான மிச்சம் தருகிறது. 240, 320 என்று சொல்கிற முழுப்பருப்பின் எண், ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு என்பதைக் குறிப்பது. எண் கூடினால் பருப்பு சிறிது, விலையும் குறைவு. எப்படியும் உடைக்கப்போகிற பருப்புக்கு முழுசுக்கான காசு எதற்கு? பாதியாகப் பிளந்ததையோ பெரிய துண்டையோ கேளுங்கள், ருசி ஒன்றுதான். மிகச் சிறிய நொறுங்கல் மட்டும் வேண்டாம், அது தட்டின் அடியில் தங்கிக் கருகிவிடும். உப்பு போட்டு வறுத்த முந்திரி, பிஸ்தாவும் வேண்டாம். இரண்டாம் முறை வறுபட்டால் கசக்கும்.

அக்ரூட் வாங்கும்போது மாதம் பார்க்க வேண்டும். காஷ்மீரில் அறுவடை செப்டம்பர், அக்டோபர். அடுத்து வரும் குளிர்மாதங்களில் வாங்கினால் இனிப்பாக இருக்கும். அதே சரக்கு சித்திரை, வைகாசி வெயிலில் சாக்கில் கிடந்தால் அதிலுள்ள எண்ணெய் கெட்டு நாக்கின் ஓரத்தில் கசப்பு ஏறும். எந்தக் கடையானாலும் கால் கிலோ நிறுக்கச் சொல்லுமுன் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். முகர்ந்து பார்ப்பது போதாது, தெரு முழுக்க மசாலா வாசனை. கோடையில் கட்டாயம் அக்ரூட் வேண்டுமென்றால் ஓட்டோடு வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள்.

பூசணி விதை, சூரியகாந்தி விதை, வெள்ளரி விதை மூன்றும் நன்றாகக் கிடைக்கின்றன. சாரைப்பருப்பும் உண்டு. கிரனோலாவில் யாரும் போடுவதில்லை, போட்டால் அருமையாக இருக்கிறது. சின்னது என்பதால் கடைசி எட்டு நிமிடத்தில் சேர்க்க வேண்டும்.

மதிப்பெண் குறைவது உலர்பழத்தில். கண்ணாடிப் பெட்டிகளில் பச்சை, சிவப்பு, மஞ்சளாக மின்னுகிற கிவி, மாம்பழம், அன்னாசியில் பெரும்பாலானவை சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறமேற்றியவை. செர்ரி என்று விற்பது பல இடங்களில் பாகில் ஊறிய களாக்காய். ‘டிரை ஃப்ரூட் மிக்ஸ்’ பாக்கெட்டில் டூட்டி ஃப்ரூட்டி கிடக்கும், அது பப்பாளிக்காய். இவற்றின் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, பக்கத்திலிருக்கும் ஓட்ஸையும் சேர்த்து நமுக்கச் செய்யும். வாங்க வேண்டியவை நான்கு: உலர் திராட்சை, கறுப்பு திராட்சை, கொட்டை நீக்கிய பேரீச்சை, கயிற்றில் கோத்த அத்திப்பழம். அத்தியைப் பிளந்து பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பளிச்சென்ற பொன்னிறத் திராட்சையும் ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டும் கந்தகப் புகை காட்டியவை. அந்த வாசனை பிடிக்காதவர்கள் பழுப்பு நிறத்தைக் கேளுங்கள். உதிரித் திராட்சையைக் கழுவாமல் போடக் கூடாது. வெந்நீரில் அலசி, துணியில் ஒற்றி, அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் பதினைந்து நிமிடம் வைத்தால் ஈரம் போய்விடும்.

ஓட்ஸ் பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டில், மூடிய பாக்கெட்டில், ‘ரோல்டு’ என்று அச்சிட்டதாகப் பார்த்து எடுங்கள். சீக்கிரம் வேகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லியது, கிளறும்போதே மாவாகும்.

இனி அளவு. ஓட்ஸ் 300 கிராம், பருப்பு 150, விதை 50, உலர்பழம் 100. செக்குத் தேங்காய் எண்ணெய் 60 மில்லி, தேன் 100 கிராம், உப்பு அரை டீஸ்பூன். தேனுக்குப் பதில் வெல்லமென்றால் 90 கிராமை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கையில் பிசுபிசுக்கிற பதத்தில் இறக்கிவிடுங்கள். பாகு முற்றினால் கிரனோலா வராது, கடலை மிட்டாய்தான் வரும். கட்டிகட்டியாக வேண்டுமா? ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்க்கலாம்.

ஓவனை 150 டிகிரியில் சூடேற்றி, நடுத்தட்டில், அரை அங்குல கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். சின்ன ஓடிஜியில் (மேசைமேல் வைக்கிற மின் ஓவன்) மேல்கம்பி மிக அருகில் இருக்கும், அதை அணைத்துக் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிடுவது நல்லது. இருபது நிமிடத்தில் ஒரு முறை புரட்டி, ஓரத்திலிருப்பதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மொத்தம் 35 முதல் 40 நிமிடம். அக்ரூட் கடைசிப் பத்து நிமிடத்துக்கு. உலர்பழம் எரிகிற ஓவனுக்குள் போகவே கூடாது. போனால் கல்லாகிக் கசக்கும். முழுக்க ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இறக்கும் நேரத்தில். ஓவனிலிருந்து வருகிற கிரனோலா மெத்தென்றுதான் இருக்கும். மொறுமொறுப்பு வரவில்லையே என்று மறுபடி உள்ளே தள்ளினால் கருகல்தான் மிச்சம். பொன்னிறம் வந்ததும் எடுத்து, கரண்டியின் பின்புறத்தால் அழுத்திவிட்டு ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஆற ஆறத்தான் இறுகும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல்காற்று நமுக்க வைப்பதில் இரக்கமே காட்டாது. ஆறியதும் உடனே கண்ணாடி ஜாடியில் அடைத்துவிடுங்கள், மூடியில் ரப்பர் வளையம் இருக்கட்டும். உலர்பழத்தைத் தனி டப்பாவில் வைத்துச் சாப்பிடும்போது சேர்த்தால் இன்னும் சில நாள் தாங்கும். நமுத்துவிட்டால் பழத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், பழையபடி ஆகும்.

தெருவுக்கு வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடமில்லை. மண்ணடி அல்லது உயர்நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிறு பல மொத்தக் கடைகள் மூடியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சரக்கு வேகமாகப் போவதால் புதிதாகக் கிடைக்கும், ஆனால் அந்த நெரிசலில் கடித்துப் பார்த்து வாங்க முடியாது. மலிவு என்று ஒரே தடவையில் இரண்டு கிலோ அள்ள வேண்டாம். மேலே சொன்ன அளவுக்குப் பாதாமும் முந்திரியும் கால் கிலோ வீதம் வாங்கினால் மூன்று முறை செய்யலாம். மீதிப் பருப்பை ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த பருப்பின்மேல் வியர்வைபோல நீர் கோத்தால் வறுபடும் நேரம் கூடும், ஓட்ஸ் அதற்குள் சிவந்துவிடும்.