செம்புல துரு வருமுங்களா? பழைய லாரியின் கூலிங் சிஸ்டத்தைக் கழுவ நான்கு வழிகள்

வண்டி சூடாகிறது என்றால் நம் பக்கம் முதலில் கை போவது ரேடியேட்டருக்குத்தான். சங்ககிரி, நாமக்கல் பக்கம் அதைக் கழட்டிக் கொடுத்தால் மேல் டேங்க்கைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டு, ஈயம் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் டாடா 1210 தேங்காய் லோடோடு திம்பம் ஏறும்போது, 27 வளைவில் பாதி தாண்டுவதற்குள் முள் சிவப்புக்குப் போனதும் நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் அதே மலை, அதே முள். மறுபடி கழட்டினால், சுத்தம் செய்த குழாய் வாயெல்லாம் செம்மண் குழைத்து அப்பியது போல இருந்தது.

வேறொரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் தம்பி, செம்புல துரு வருமுங்களா?”

அந்த ஒரு கேள்வியில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். சிவப்புத் துரு வார்ப்பிரும்பு இன்ஜின் பிளாக்கிலிருந்துதான் வர முடியும். வாட்டர் பம்ப் முன்பக்கம் இருப்பதால் தண்ணீர் அங்கே வேகமாக ஓடும், பின்னால் போகப் போக வேகம் குறையும், சேறு ஆறாவது சிலிண்டரைச் சுற்றி அடியில் தங்கிவிடும். அதை அப்படியே விட்டுவிட்டு ரேடியேட்டரை மட்டும் கழுவினால், சேற்றுக்குப் புது இடம் தயார் செய்து கொடுத்த மாதிரிதான்.

இன்னொரு அழுக்கும் உண்டு, வெள்ளைக் காரை. நம் போர் தண்ணியைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் ஏடு கட்டுமே, அதேதான். உப்புத் தண்ணி சூடாகும்போது அதிலிருக்கும் சுண்ணாம்பு பிரிந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது. துருச்சேற்றைத் தண்ணீர் அடித்தே பெரும்பாலும் தள்ளிவிடலாம், காரை அதற்கு அசையாது. எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன் உங்கள் வண்டியில் எது அதிகம் என்று பார்த்துவிடுங்கள்.

செலவில்லாத வழி தலைகீழாகக் கழுவுவது. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கழட்டி, தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராகத் தோட்டத்து மோட்டார் பைப்பை வைத்துத் தள்ள வேண்டும். பிளாக்குக்குத் தனியாக, ரேடியேட்டருக்குத் தனியாக. ஒன்றின் சேறு இன்னொன்றுக்குள் போகக்கூடாது. கம்ப்ரசர் காற்றை நேரடியாக ரேடியேட்டருக்குள் விடாதீர்கள், பழைய ஈய ஒட்டு அந்த அழுத்தத்தைத் தாங்காது. தளர்ந்த சேறு இதில் நன்றாக வரும், ஆனால் மூலையில் இறுகிப்போனது வராது.

அடுத்தது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். என் ஓட்டு இதற்குத்தான், துரு, காரை இரண்டையுமே இது கரைக்கும். 20 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு 1 கிலோ போட்டேன். சிஸ்டத்துக்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் முதலில் சலவை சோடா போட்டு ஓட்டி அலச வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் இரும்பைத் தொடவே தொடாது. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஒரு மணி நேரம் ஓடியது. கை பொறுக்கும் சூடு வந்தவுடனே, சேறு மறுபடி படிவதற்குள் வடித்தேன். டிகாஷன் நிறத்தில் கொட்டியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிய பிறகுதான் ஆப்ப சோடா கரைசல் ஊற்ற வேண்டும். அமிலம் உள்ளே இருக்கும்போதே சோடாவைப் போட்டால் நுரைத்துப் பொங்கும். அமிலத்தை ராத்திரி முழுக்க உள்ளே விடவும் வேண்டாம். துரு அடைத்து வைத்திருந்த பொத்தல் ஏதாவது இருந்தால் இதில் திறந்துகொள்ளும் என்பதும் உண்மை. எப்படியும் ஒருநாள் ஒழுகப் போகிற இடம்தான், மலைப்பாதையில் ஒழுகுவதற்கு வீட்டு வாசலில் ஒழுகட்டும்.

பாத்ரூம் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், துருவோடு நல்ல இரும்பையும் ஈய ஒட்டையும் சேர்த்துத் தின்னும், அலுமினியத்தை இன்னும் வேகமாக. இடுக்கில் மிஞ்சும் குளோரைடால் மறுபடியும் துரு பிடிக்கும்.

நான்காவது வழியில் உடம்பு வேலை அதிகம், ஆனால் முப்பது நாற்பது வருட வண்டிக்கு அதற்கு நிகர் கிடையாது. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் தகர மூடிகளை எடுத்துவிடுவது. மூடியின் ஒரு ஓரத்தில் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும், குறடால் இழுத்துவிடலாம். எங்கள் வண்டியில் கடைசி மூடியை எடுத்ததும் தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. களிமண் மாதிரி ஒரு சுவர்தான் தெரிந்தது, மூடியின் வளைவு அப்படியே அதில் அச்சாகப் பதிந்திருந்தது. வளைத்த கம்பியால் தோண்டித் தோண்டி தண்ணீர் அடித்ததில் அரை பக்கெட் வந்தது. அதே பிளாக்கைத்தான் நான் இரண்டு முறை தலைகீழாகக் கழுவியிருந்தேன்! மூடிகளைப் புதிதாக, கிடைத்தால் பித்தளையிலேயே போட்டுவிடுங்கள்.

ஆக, வண்டி ஓரளவு நன்றாக இருந்தால் தலைகீழ்க் கழுவலும் எலுமிச்சை உப்பும் போதும். பிளாக்கை வடிக்கும் திருகான ட்ரெயின் காக்கைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை, கம்பி விட்டாலும் குத்த முடியவில்லை என்றால் மூடியைக் கழட்டாமல் தீராது. குழாய்க்குள் காரை இறுகியிருந்தால் ரேடியேட்டருக்குக் கம்பி விடத்தான் வேண்டும், ஆனால் பிளாக் வேலை முடிந்த பிறகு.

பழைய கூலன்ட்டை வடிக்கும்போது பக்கெட்டில் பிடியுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். பட்டியை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள் நாம், ஆடோ நாயோ நக்கினால் போய்விடும்.

நிரப்பும்போது போர் தண்ணி வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கழட்டிய தெர்மோஸ்டாட்டையும் திரும்ப மாட்டிவிடுங்கள். நான் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு ட்ரெயின் காக்கில் ஒரு பாட்டில் பிடித்து ராத்திரி அசையாமல் வைத்தேன். காலையில் அடியில் நகக்கண் அளவு சிவப்பு. எல்லாவற்றையும் வடித்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை அலசிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றினேன். அடுத்த பாட்டிலில் அடியில் எதுவும் தங்கவில்லை.