பழ விலையை எழுதி வைத்தால் என்ன தெரியும்? சில வருட அனுபவம்

பெட்ரோல் விலை ஏறினால் எல்லோருக்கும் உடனே தெரியும். போன வருடம் இதே மாதம் திராட்சை என்ன விலைக்கு விற்றது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் எக்செல் ஷீட் ஒன்றில் பழ விலையை எழுத ஆரம்பித்தேன், சில வருடங்களாக விடாமல் எழுதி வருகிறேன். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வாரம் ஒரு நாள், அதே கடைகளில் பார்த்து எழுதுவது என் வழக்கம். வாங்கியதை மட்டும் எழுதினால் மலிவாக இருந்த நாட்களே கணக்கில் ஏறும்.

முதலில் சொல்ல வேண்டியது ரகம். வெறுமனே 'ஆப்பிள்' என்று எழுதிய வரி எதற்கும் உதவாது. காலா ஒரு விலை, ஃபூஜி ஒரு விலை. ஒரே ரகத்தில்கூடப் பெரிய காய்க்கும் சிறிய காய்க்கும் வித்தியாசம் உண்டு. காலா தீர்ந்துபோன வாரம் அதே தட்டில் ஃபூஜியை அடுக்கியிருப்பார்கள். ரகத்தைக் குறிக்காவிட்டால் அந்த வாரம் ஆப்பிள் விலை திடீரென்று ஏறியதாக ஷீட் காட்டும்.

அடுத்தது எடை. டப்பாவில் அடைத்து விற்கும் ஸ்ட்ராபெரியை வீட்டுத் தராசில் வைத்துப் பார்ப்பேன். டப்பாவைத் தனியாக நிறுத்துக் கழித்து, மிச்சத்தை எழுதுவேன். ஒரு கடையில் டப்பாவின் அளவும் விலையும் அப்படியே இருக்க, லேபிளில் 250 கிராம் என்றிருந்தது 200 ஆகிவிட்டது. டப்பா விலையைப் பார்த்தால் மாற்றமே இல்லை. கிலோ விலையாக மாற்றினால் 25 சதவீதம் ஏற்றம்! எண்ணிக்கையில் விற்பதையும் நிறுத்துத்தான் எழுத வேண்டும்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். பழத்தைப் பொறுத்தவரை போன மாதம் என்பது வேறு பருவம். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மையில் ஏறியதா என்று தெரிகிறது. விலையை வரைபடமாகப் போட்டால் ஒவ்வொரு பழத்தின் கோடும் ஒரு விதம். வாழை வருடம் முழுக்கக் காய்க்கும், அதன் கோடு பெரிதாக ஆடாது. ஸ்ட்ராபெரி பறித்த சில நாட்களிலேயே கெட்டுவிடும் என்பதால் பருவத்தில் சரிந்து, பருவம் முடிந்ததும் எகிறும். ஆப்பிள் இரண்டுக்கும் நடுவில். ஆக்சிஜனைச் சில சதவீதத்துக்குக் குறைத்த குளிர்கிடங்குகளில் பல மாதம் தாங்கும். வட கோளத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடை, தென் கோளத்தில் பிப்ரவரியிலிருந்து. ஆகவே ஒரு பக்கம் குறையும்போது மறுபக்கச் சரக்கு வந்து விலையைத் தாங்கிப் பிடிக்கிறது.

கடையில் இல்லாத பழத்துக்குப் பழைய விலையை இழுத்துப் போடாதீர்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள். விலைக் குறியீடு தயாரிக்கும் புள்ளியியலாளர்களுக்கும் இது பழைய தலைவலிதான். பருவப் பொருட்களுக்கு மாதாமாதம் மாறும் எடைகளை, அதாவது கணக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் முக்கியத்துவத்தின் அளவுகளைப் பயன்படுத்தலாம் என்று டோரிஸ் ராத்வெல் 1958-இலேயே எழுதினார். அவ்வளவு ஆழம் வீட்டுக் கணக்குக்குத் தேவையில்லை. ஆஃபர் விலைக்கு மட்டும் தனிக் கட்டம் வேண்டும், கனிந்துபோனதால் தள்ளிவிடும் சரக்கைச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

எனக்கு மிகவும் பயன்பட்ட கட்டம் 'உண்ணும் பகுதி'. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி ஆப்பிளில் சுமார் 90 சதவீதம் வாய்க்குள் போகிறது, வாழையில் சுமார் 64, தர்பூசணியில் ஏறக்குறைய பாதி. கிலோ விலையை இதால் வகுத்தால் வரிசையே மாறிவிடும். மலிவு என்று தூக்கி வரும் தர்பூசணியின் விலை அங்கே ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

குறை என்றால் பொறுமைதான். முதல் வருடம் இந்த ஷீட் எதையும் சொல்லாது, ஒப்பிடப் போன வருட விலை இருக்காது. இரண்டாம் வருடம் பாதியில்தான் பேச ஆரம்பிக்கும். எல்லாப் பழத்தையும் எழுதக் கிளம்பினால் அதுவரை தாக்குப்பிடிப்பது கஷ்டம். வீட்டில் அதிகம் சாப்பிடும் நான்கைந்து பழங்களோடு தொடங்குங்கள், அவற்றில் ஒன்றாவது வருடம் முழுக்கக் கிடைப்பதாக இருக்கட்டும்.