தகரப் பத்தி இறக்கியவர்கள் கவனம்: போல்ட் தலை மட்டும்தான் இருக்கிறது, போல்ட் இல்லை

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் வீட்டு முன்னால் தகரப் பத்தி இறக்கியவர்கள், அந்த இரும்புச் சட்டம் சுவரில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா பகலெல்லாம் இருந்து மிளகாய்க் காம்பு கிள்ளுகிற இடத்துக்கு நேர் மேலே, சட்டத்தைச் சுவரோடு பிடிக்கிற இரும்புத் தகட்டின் மேல் விளிம்பு சுவரைவிட்டு ஐந்து ரூபாய்க் குற்றி நுழையும் அளவுக்கு விலகி நின்றது.

பேசியது சுவரை ஊடறுத்துத் துளைத்துப் போல்ட் போடுவதாக. பில்லில் போல்ட், நட், வாசர் எல்லாம் எழுதிக் காசும் வாங்கினார்கள். முட்டுக் கொடுத்துவிட்டுத் தகட்டை எடுத்தால் சுவரில் ஓட்டையே இல்லை! போல்ட்டின் தலையை மட்டும் அரிந்து தகட்டில் ஒட்டி, தகட்டை எபொக்சிப் பசையால் சுவர்ப் பூச்சோடு ஒட்டி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பசை பிடித்திருந்த பக்கம் இரும்பில் துரு, பழைய எண்ணெய்ப் பிசுக்கு. உரஞ்சித் துடைக்கக்கூட இல்லை.

வேலை செய்தவரைக் கேட்டால் "இது இரும்பைவிட இறுக்கம் அக்கா" என்கிறார்.

இறுக்கம்தான், குளிர்ந்த இடத்தில், பாரம் இல்லாமல் இருந்தால். சாதாரண வெப்பத்தில் இறுகுகிற இந்த இரு கலவைப் பசைகளில் பல 50, 60 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். காண்டாவன வெயிலில் மேற்குப் பக்க இரும்பு கைவைக்க முடியாமல் கொதிக்கும். மாரியில் ஈரம் பசைக்குள் ஊறினால் இளகும் வரம்பு இன்னும் கீழே இறங்கும், இரும்போடு ஒட்டிய முகத்திலும் நீர் புகுந்து பிடியைக் கழற்றும். இதற்கு மேல் நாள் முழுதும் தொங்குகிற பாரம். ஒட்டின அன்று இழுத்துப் பார்த்தால் அசையாது, ஆனால் பாரம் விடாமல் இழுக்க இழுக்கப் பசை மெல்ல மெல்ல நீளும். அமெரிக்காவில் பொஸ்டன் சுரங்கப் பாதையில் 2006 ஜூலையில் கொங்கிறீற்றுக் கூரைப் பலகைகள் காரின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்ததற்கும் இதுவே காரணம். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகளைக் கொங்கிறீற்றில் பிடித்திருந்த எபொக்சி நீண்டகாலப் பாரத்துக்கு ஏற்றதல்ல என்று விசாரணையில் தெரிந்தது.

பசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்றதைத் தெரிந்து, துளையின் தூசியை ஊதித் துடைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் செய்தது களவு.

திருத்தித் தருகிறேன் என்றவர் இப்போது போன் எடுப்பதில்லை. வேறு மேசனைப் பிடித்து லின்டலில், அதாவது கதவுக்கு மேலே ஓடும் கொங்கிறீற்று வளையில், துளைத்துப் போல்ட் போட்டாயிற்று. நீங்களும் சுவரின் உள்பக்கம் பாருங்கள், ஊடறுத்த போல்ட்டுக்குக் காசு கொடுத்திருந்தால் அங்கே நட் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் முட்டுக் கொடுங்கள், அதுவரை பிள்ளைகளைக் கீழே விளையாட விடாதீர்கள்.