நனைந்த சனிக்கிழமைக்கு எந்த மைதானம்: லூயிஸா, ஹார்ஷாமா?

இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் நான்கு பிரிவுகளில் இடம்பெறும் கழகங்கள் 92 மட்டுமே. அவற்றுக்குக் கீழே அடுக்கடுக்காக இறங்கும் நூற்றுக்கணக்கான சிறு கழகங்கள் அனைத்தையும் ‘நான்-லீக்’ (லீக்கில் சேராதவை) என்ற ஒரே பெயரில் அழைக்கிறார்கள். தமிழில் எழுதும்போது அந்த ‘நான்’ தன்மைப் பெயரைப் போலத் தோன்றுவது வேடிக்கைதான். ஆனாலும் ஐந்நூறு பேர் கூடும் ஆட்டத்தில் நம் குரல் நமக்கே தனியாகக் கேட்பதால் அது முற்றிலும் பொருந்தாத பெயர் என்றும் சொல்ல முடியவில்லை.

தென்லண்டனில் நான் ஆதரிக்கும் சிறு கழகம் ஏழாம் அடுக்கான இஸ்த்மியன் பிரீமியர் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு குளிர்காலத்தின் ஆட்ட அட்டவணையில் சசெக்ஸ் மாவட்டத்து வெளியூர் ஆட்டங்கள் இரண்டு அருகருகே வந்தன. ஒன்று லூயிஸ், மற்றது ஹார்ஷாம். என் வேலைமுறைப்படி மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் முழுமையாக என் கையில் இருக்கும் என்பதால், இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டியிருந்தது. நான் ஹார்ஷாமைத் தேர்ந்தேன். கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர், லூயிஸை விட்டுவிட்டு யாராவது அங்கே போவார்களா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்கள். இன்று மறுபடியும் தேர்வு செய்யச் சொன்னாலும், மாதம் சனவரியாக இருந்தால், என் பதில் மாறாது.

இரண்டுக்கும் பொதுவானவற்றை நீட்டி முழக்கத் தேவையில்லை. லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து இரு ஊர்களுக்கும் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நுழைவுச்சீட்டை வாயிலிலேயே வாங்கலாம். பிரீமியர் லீக் ஆட்டத்துக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். வழக்கமான நாள்களில் வெளியூர் ரசிகர்களைத் தனிக் கூண்டில் அடைப்பதில்லை. இடைவேளையில் இரு தரப்பாரும் தத்தம் அணி கோல் அடிக்கப்போகும் முனைக்கு இடம் மாறிக்கொள்ளும்போது எதிரெதிரே கடந்து செல்வார்கள். ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது என்னும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் மேல் ஐந்து அடுக்குகளோடு நின்றுவிடுவதால், விரும்புவோர் கையில் கோப்பையோடு நின்று ஆட்டத்தைப் பார்க்கலாம்.

லூயிஸின் பெருமை ஊரறிந்தது. அதன் மைதானத்துக்கு ‘டிரிப்பிங் பேன்’ என்று பெயர். இறைச்சியைத் தீயில் வாட்டும்போது வடியும் கொழுப்பைப் பிடிக்கும் தட்டு என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பெயருக்கேற்ப அது ஒரு தாழ்ந்த கிண்ணம்போல் அமைந்திருக்கிறது. சுற்றிலும் புல் மேடுகள், அவற்றுக்கு அப்பால் சவுத் டவுன்ஸின் சுண்ணாம்புக் குன்றுகள். அருகிலிருந்த மடாலயத்தின் துறவிகள் அங்கே உப்புக் காய்ச்சினார்கள் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. 1885-இல் தொடங்கிய கழகம் 2010 முதல் ஆதரவாளர்களுக்கே சொந்தமாக இருக்கிறது; 2017-இல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே அளவு ஊதிய நிதி ஒதுக்கி உலகச் செய்திகளில் இடம்பெற்றது. பெரிய கழகங்கள் செல்வந்தர்களுக்குக் கண்ணாடி அறைகள் கட்டுவதைப் பகடி செய்வதுபோல் இவர்கள் கடற்கரை மரக்குடில்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட, ரயிலை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் மைதானம் வந்துவிடும். அழகு, வரலாறு, வசதி என்னும் மூன்றிலும் லூயிஸ் வெல்கிறது என்பதை மறுக்க எனக்கு வழியில்லை.

ஹார்ஷாமில் இவற்றில் எதுவும் கிடைக்காது. 1881-இல் தோன்றிய பழைய கழகம்தான் என்றாலும், நகருக்குள் இருந்த குவீன் ஸ்ட்ரீட் மைதானத்தை 2008-இல் விட்டு வெளியேறியபின் பதினோரு ஆண்டுகள் பிறர் மைதானங்களில் ஒண்டிக்குடித்தனம் நடத்திவிட்டு, 2019-இல்தான் ஊருக்குத் தெற்கே ஹாப் ஓஸ்ட் என்னும் இடத்தில் சொந்த வீடு கண்டது. நெடுஞ்சாலையை ஒட்டிய புதிய கட்டடம்; காட்சிக்குச் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் விரிந்திருப்பது ‘மூன்றாம் தலைமுறை’ எனப்படும் செயற்கைப் புல்தரை. என் தேர்வு முழுவதும் இந்த ஒன்றின்மேல்தான் நின்றது.

குளிர்காலத்தில் வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மைதானம் அழகாக இருக்குமா என்பதன்று. ஆட்டம் நடக்குமா என்பதுதான். மேல்பிரிவுக் கழகங்களின் ஆடுகளங்களுக்கு அடியில் சூடேற்றும் குழாய்களும் நல்ல வடிகாலும் உண்டு. ஏழாம் அடுக்கில் பெரும்பாலும் இருப்பது ஒரு புல்வெட்டி, இரண்டு மூன்று தன்னார்வலர்கள், மழை நின்றதும் நிலத்தைக் குத்திவிட ஒரு முட்கருவி ஆகியவைதான். வியாழனும் வெள்ளியும் விடாமல் பெய்தால், சனிக்கிழமை காலையில் ஒரு நடுவர் வந்து பந்தைத் தரையில் உருட்டிப் பார்ப்பார். அது நீரில் சிக்கி நின்றுவிட்டால் ஆட்டம் ஒத்திவைக்கப்படும். சில நேரம் காலையில் தேறிய ஆடுகளம் நண்பகல் மழையில் மீண்டும் தோற்றுவிடும். அந்த இரண்டாம் பரிசோதனையின் முடிவு வரும்போது வெளியூர் ரசிகர் பெரும்பாலும் பாதி வழியில் இருப்பார்.

எனக்கு நேர்ந்தது அதுதான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில், பெயர் வேண்டாத ஒரு புல்தரை மைதானத்துக்கு இரண்டு ரயில்கள் மாறிச் சென்று இறங்கியபோது மணி ஒன்றரை. கைப்பேசியில் ஒத்திவைப்புச் செய்தி எனக்காகக் காத்திருந்தது. பூட்டிய வாயிலுக்கு வெளியே, என்னைப்போலவே வந்து ஏமாந்த நால்வரோடு சிறிது நேரம் நின்று பேசிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஒத்திவைத்த சனிக்கிழமை ஆட்டம் இன்னொரு சனிக்கிழமைக்குப் போவது அரிது. அது செவ்வாய் இரவு 7:45 மணிக்குப் போய் உட்காரும். மறுநாள் காலை வேலைக்குச் செல்கிறவருக்கு அந்த ஆட்டம் இல்லாத ஆட்டம். எங்கள் அணி அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டத்தை அந்தச் செவ்வாய் இரவில்தான் ஆடியது என்று நண்பர்கள் பிறகு சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

நிலத்தின் இயல்பையும் இங்கே பார்க்க வேண்டும். ஹார்ஷாம் அமைந்திருக்கும் வீல்ட் பகுதி களிமண் நிலம். அங்கே இயற்கைப் புல்லில் ஆடினால் டிசம்பருக்குப்பின் உழுத வயலில் ஆடுவது போலிருக்கும். லூயிஸின் குன்றுகள் நீரை உறிஞ்சும் சுண்ணாம்புப் பாறை என்றாலும், கிண்ணம் போன்ற மைதானம் குன்றின்மேல் இல்லை. ஊஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 2000 அக்டோபரில் அந்த ஆறு கரை புரண்டு ஊரின் கணிசமான பகுதியை மூழ்கடித்தது. அதனால் டிரிப்பிங் பேனில் ஆட்டமே நடப்பதில்லை என்று நான் சொல்லவரவில்லை. நான் அங்கே சென்ற இரண்டு முறையும் நல்ல வெயில். ஆனால் ஒரே ஒரு சனிக்கிழமையை வைத்துக்கொண்டு வானத்தோடு சூதாட எனக்கு மனமில்லை.

செயற்கைத் தரையிலும் உறைபனி இறுகினால் ஆட முடியாது, மூடுபனிக்கு அதனிடம் மருந்தும் இல்லை. ஆனால் சசெக்ஸில் குளிர்கால ஆட்டங்களுக்கு முதல் எதிரி மழை. மழையை அது ஏறக்குறைய பொருட்படுத்துவதே இல்லை. கழகத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு. புல்தரையில் வாரத்துக்கு இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடினால் அது தேய்ந்து மண்ணாகிவிடும். செயற்கைத் தரையைச் சிறுவர் அணிகளுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் நாள்தோறும் வாடகைக்கு விடலாம். அதற்கும் பராமரிப்பு உண்டு: இழைகள் படுத்துவிடாமல் வாரந்தோறும் துலக்க வேண்டும், இடையில் தூவிய மணலையும் ரப்பர்த் துகளையும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், பத்தாண்டுக்கு ஒருமுறை விரிப்பையே மாற்ற வேண்டும்.

எதிர்வாதம் வலுவானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் என்னும் லண்டன் கழகம் 1981-இல் விரித்த, இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தின் முதல் செயற்கைத் தரையில் பந்து தரையில் படுவதைவிட வானில் துள்ளியதே அதிகம் என்ற நினைவு இன்னும் மறையவில்லை. நான்காம் அடுக்குவரை செயற்கைத் தரைக்கு இன்றும் அனுமதி இல்லை. 2020-இல் ஹாரோகேட், 2021-இல் சட்டன், 2024-இல் பிராம்லி என மேலேறிய கழகங்கள் நன்றாக இருந்த விரிப்பைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புல் வளர்க்க வேண்டியதாயிற்று. விழுந்தால் தோல் உரியும், முழங்கால் வலிக்கும் என்று ஆட்டக்காரர்கள் முறையிடுகிறார்கள். வெளியூர் ரசிகருக்கு இன்னொரு குறையும் உண்டு: விரைந்தோடும் அந்தத் தரையில் வாரம் முழுவதும் பழகிய சொந்த அணிக்கு அது சாதகம். அன்றைக்கு எங்கள் பின்வரிசையினர் பந்து வந்து சேரும் வேகத்தைக் கணிக்கவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் இரண்டு கோல்கள் விழுந்துவிட்டன.

போக்குவரத்தில் ஹார்ஷாம் உண்மையாகவே சிரமம். நிலையத்திலிருந்து மைதானம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். போகும்போது பேருந்து கிடைத்தது. ஆட்டம் முடிந்து, உதைபந்தாட்டம் என்றே எப்போதும் சொல்லும் என் யாழ்ப்பாணத்து நண்பரோடு வெளியே வந்தபோது மழையும் இருட்டும் சேர்ந்திருந்தன, அடுத்த பேருந்துக்கு நெடுநேரம் இருந்தது. வாடகை வண்டியை உள்ளூர் ஆதரவாளர் இருவரோடு பகிர்ந்துகொண்டோம். ஆகவே இறுதி விசிலுக்கு முன்பே திரும்பும் வழியை முடிவுசெய்துகொள்வது நல்லது. காரில் செல்கிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. வார நாள் இரவில் அங்கே நான் சென்றதில்லை, ஆதலால் அந்நேரப் பேருந்துகளைப் பற்றி என் சொல்லை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

2025-இல் ஹார்ஷாம் இஸ்த்மியன் பட்டத்தை வென்று மேல் அடுக்குக்கு ஏறிவிட்டதால், அதே இரு ஊர்களுக்கிடையே தேர்வு செய்யும் நிலை இனி எல்லோருக்கும் வராது. ஆனால் புல்லா, விரிப்பா என்ற கேள்வி எல்லாப் பிரிவுகளிலும் இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர், ஏப்ரல் மாதங்களில் லூயிஸ் அட்டவணையில் இருந்தால் யோசிக்காமல் அங்கே செல்லுங்கள். நிலையத்துக்கு எதிரே மேட்டில் நின்று குன்றுகளைப் பார்க்கவாவது அது தகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதுவும் ஒரே ஒரு நாள் மட்டும் கையில் இருந்தால், அட்டவணையில் எந்த மைதானத்துக்குச் செயற்கைத் தரை என்று முதலில் பாருங்கள். நாங்கள் அன்று 3-1 என்ற கணக்கில் தோற்றோம். தொண்ணூறு நிமிடமும் மழை பெய்தது. தொண்ணூறு நிமிடமும் ஆட்டம் நடந்தது.