டைமிங் பெல்ட்: கிலோமீட்டர் பார்த்து மாற்றுவதா, வருஷம் பார்த்தா?

இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் நேரம் தவறாமல் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய நேரம் என்று காரின் கையேட்டில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. சில இன்ஜின்களுக்கு 60,000 கி.மீ., சிலவற்றுக்கு 1,50,000ஐத் தாண்டும். ஆண்டு என்றால் பொதுவாக 5 முதல் 10க்குள். நிறைய ஓட்டுபவர்களுக்குக் குழப்பமே இல்லை, கிலோமீட்டர்தான் முதலில் வரும், மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தலைவலி எல்லாம் என்னைப் போலக் கொஞ்சமாக ஓட்டுபவர்களுக்குத்தான். என் காருக்கு ஆண்டுக்கணக்கு முடிந்தபோது ஓட்டம் பாதியைக்கூட எட்டவில்லை. வழி மூன்று: கிலோமீட்டர் முடியும்வரை ஓட்டலாம், கவரைக் கழற்றிப் பெல்ட்டைப் பார்த்து முடிவு செய்யலாம், அல்லது வருஷம் ஆகிவிட்டது என்று மாற்றிவிடலாம். நான் மாற்றிவிட்டேன். அந்தப் பக்கமே சாய்ந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். செயின் என்றால் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், மற்றபடி இந்த அலசல் உங்களுக்குத் தேவையில்லை.

பெல்ட் என்றால், அறுந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. பிஸ்டன்கள் சுற்ற வைக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பல் வைத்த ரப்பர் பட்டைதான். இன்டர்ஃபியரன்ஸ் இன்ஜினில் வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும், நேரம் மட்டும்தான் வேறு. பெல்ட் அறுந்ததும் கேம் நின்றுவிடும், கிராங்க் உடனே நிற்காது, திறந்தபடி நின்ற வால்வில் பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளைவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சில சமயம் பிஸ்டனும் சேர்ந்து போகும். டீசல் இன்ஜின்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ரகம். இடிக்காத ரக இன்ஜின் என்றால் வண்டி வழியில் நிற்கும், புது பெல்ட் போட்டால் கிளம்பும், அவ்வளவுதான். மாடல் பெயரை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. டொயோட்டாவின் 1யூஇசட் வி8 முதலில் இடிக்காத ரகமாக இருந்து, 1990களின் பிற்பாதியில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ அமைப்பு வந்தபோது இடிக்கும் ரகமாகிவிட்டது.

சரி, கிலோமீட்டர் முடியும்வரை ஓட்டுபவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கையேட்டு எண்ணில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வைத்திருப்பார்கள், அதைத் தாண்டியும் ஓடிய பெல்ட்டுகள் ஏராளம். ஆனால் ஓடோமீட்டர் சக்கரம் உருண்டதைத்தான் எண்ணும், இன்ஜின் ஓடிய மணிநேரத்தை எண்ணாது. நெரிசலில் ஏசி போட்டு நின்ற நேரமெல்லாம் பெல்ட் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும், மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. அப்புறம் ரப்பருக்கு வயது என்று ஒன்று உண்டு, பட்டன் தேயாத பழைய டயரைப் போல. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு அது இறுகிக்கொண்டேதான் இருக்கும், வண்டி ஷெட்டில் நின்றாலும்.

‘கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்பதுதான் கேட்க நியாயமாகத் தெரியும் வழி, பலரும் ஏமாறுவதும் இதில்தான் என்பது என் கருத்து. பழைய நியோப்ரீன் பெல்ட்டுகளில் முதுகில் வெடிப்பு விடும், பார்த்தாலே தெரியும். இப்போது வருபவை பெரும்பாலும் ஹெச்என்பிஆர் என்ற வகை ரப்பர், உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள். இவை வெளியே பளிச்சென்று இருந்துகொண்டே உள்ளே பலம் இழக்கும், பல் அடியோடு பெயரும்வரை மேல்பரப்பில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதுவும் மேல் கவரை மட்டும் கழற்றினால் கண்ணில் படுவது பெல்ட்டில் ஒரு சாண் நீளம். ஆயில் கசிந்து ஊறியிருந்தாலோ, ஓரம் பிசிறு விட்டிருந்தாலோ, பல் தேய்ந்திருந்தாலோ உடனே மாற்ற வேண்டும், அதுவரைக்கும் பார்ப்பது பயன்தான். ஆக, கெட்டதைக் கெட்டது என்று சொல்ல முடியும். நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் ஓட்டு என்று பார்த்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

என் வண்டியிலிருந்து இறங்கிய பெல்ட்டின் முதுகில் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. அதைப் பார்த்தால் வீண் செலவு என்றுதான் தோன்றும். பக்கத்தில் கிடந்த பழைய ஐட்லரை, அதாவது பெல்ட் தவழ்ந்து ஓடும் உருளையை, எடுத்து விரலால் சுற்றினேன், சர்ரென்று உலர்ந்த சத்தத்தோடு நிற்காமல் சுற்றியது. புதியதைச் சுற்றினால் உள்ளே கிரீஸ் பிடிக்கிறது, சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றி நிற்கிறது. பெல்ட் அறுவதாகச் சொல்லப்படும் கதைகளில் பல, உண்மையில் இந்த ஐட்லரோ, பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனரோ இறுகிப் பெல்ட்டைக் கொன்ற கதைகள்தான். அதனால் மாற்றினால் பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள், டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த கிட்டாகவே போடுங்கள். வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது என்றால் அதையும். பெரும்பாலான வண்டிகளில் இந்த வேலையின் கூலி, இன்ஜின் மவுன்ட், கிராங்க் புல்லி, கவர்கள் என்று பிரித்துச் சேர்ப்பதற்குத்தான். பம்ப் அடுத்த வருஷம் கசிந்தால் அத்தனையும் மறுபடி பிரிக்க வேண்டும், கூலன்ட் பட்ட புது பெல்ட்டும் வீண்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் இருக்க முடிந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். புது பெல்ட்டை யாரும் மடக்கவோ முறுக்கவோ கூடாது, உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஒடிந்துவிடும். போட்டு முடித்ததும் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, புல்லிகளில் உள்ள டைமிங் குறிகள் நேராக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

விற்கும்போதும் இது உதவும். தேதியும் கிலோமீட்டரும் எழுதி பானட்டுக்குள் ஒட்டுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாங்குபவராக இருந்தால், பில் இல்லாத ‘மாத்தியாச்சு சார்’ஐ மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இதெல்லாம் உலர்ந்த பெல்ட்டுக்கு. சில புதிய சிறிய இன்ஜின்களில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும், அந்த ரகத்தை நான் வைத்திருந்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். பியூஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 ப்யூர்டெக்கில் பெல்ட் உரிந்து துகள்கள் ஆயில் சல்லடையை அடைத்தது பெரிய பிரச்சினையாகி, பிறகு அதன் புதிய வடிவத்தில் செயினுக்கே மாறிவிட்டார்கள். அப்படிப்பட்ட இன்ஜின் உங்களிடம் இருந்தால், வாங்கியபோது வந்த கையேட்டை மட்டும் நம்பாமல், தயாரிப்பாளர் பின்னால் கெடுவைக் குறைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், ஆயிலும் அவர்கள் சொன்ன தரத்திலேயே ஊற்றுங்கள்.